பெயர் போடாத ஜெபக் குறிப்பு

இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெற்றவள் நான். சிரிக்க வேண்டாம். ஐந்து வருடத்துக்கென்று சபை ஏற்படுத்திய பணி அது. ஐந்து வருடம் முடிந்தது. போன மாதம் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கமிட்டிச் செயலர் எனக்கு ஒரு சால்வை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து, "நம்ம கிரேஸ் சிஸ்டருக்கு இன்னியிலேர்ந்து ரெஸ்ட்டு" என்றார். பின் வரிசையிலிருந்து யாரோ, "அவ கால்ல சக்கரம். அவளாவது, ரெஸ்ட்டாவது" என்றார்கள். சபை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கடிகாரத்துக்கு ஆணி அடித்தபோதுதான் தோன்றியது. நாளைக் காலையில் யார் வீட்டுக்குப் போவது?

என் வேலை வீடு சந்திப்பு. திருவண்ணாமலையிலும் சுற்றியிருக்கிற ஊர்களிலும் எங்கள் சபைக் குடும்பங்கள் சிதறிக் கிடக்கின்றன. வேங்கிக்காலில் நான்கு வீடு, செங்கம் ரோட்டில் இரண்டு, ஒரு கிராமத்தில் ஒன்றே ஒன்று என்று. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போக வேண்டும். உட்கார வேண்டும், கேட்க வேண்டும், ஜெபிக்க வேண்டும், திரும்ப வேண்டும். சொல்லும்போது இவ்வளவுதான்.

இப்போது என் இடத்துக்கு ஜெனிஃபர், சுகன்யா என்று இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். கல்லூரி முடித்த சூடு ஆறாதவர்கள். முதல் நாளே ஜெனிஃபரிடமிருந்து செய்தி வந்தது: "அக்கா, வீட்டுக்குப் போனா மொதல்ல என்ன பேசணும்? சீக்கிரம் சொல்லுங்க, வாசல்ல நிக்கிறேன்." அடுத்த செய்தி: "கதவத் தொறந்துட்டாங்க." மூன்றாவது வரவே இல்லை. அன்று மாலை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அவள் கேள்வி அல்ல. கமிட்டி புதிதாக ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. ஒவ்வொரு சந்திப்பும் முடிந்தவுடன் போனிலேயே ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். வீடு, தேதி, நேரம், அப்புறம் 'ஜெபக் குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் போகாது. நிரப்பி அனுப்பினால் கமிட்டியில் எல்லோருடைய போனிலும் தெரியும். நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார்கள். எனக்குத்தான் அந்தக் கட்டத்தைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பயிற்சியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வேதியியல் படித்தேன், வேலை கிடைக்கவில்லை, கிடைத்த வேலை பிடிக்கவில்லை, மூன்று மாதம் ஊழியப் பயிற்சிக்குப் போனேன். அங்கே ஜெபத்தை எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். நடுவில் அடுப்பில் பால் இருந்தால் என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை. என் முதல் சந்திப்பு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு அம்மாவின் புது வீடு. போனதும் கண்ணை மூடினேன். உலகம், நாடு, மாவட்டம், தெரு என்று வரிசையாகப் போய் அந்த வீட்டுக்கு வந்து சேர இருபது நிமிடம் ஆயிற்று. கண்ணைத் திறந்தால் அடுப்பு மேடை முழுக்கப் பால். அந்த அம்மா அசையாமல் கைகூப்பி நின்றிருந்தார். "பொங்கற சத்தம் கேட்டுது சிஸ்டர். நடுவுல போவக் கூடாதேன்னு நின்னுட்டேன்" என்றார். அன்றிலிருந்து அடுப்பைப் பார்க்காமல் நான் கண் மூடியதில்லை.

எங்கள் ஆயரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நின்றபடியே பேசுவார், பேசும்போது கைக்குட்டையை நான்காக மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். எப்போதும் எதையோ மறந்துவிட்டவர் போல இருப்பார். பாதி நேரம் உண்மையிலேயே மறந்திருப்பார். ஆனால் ஒவ்வொரு நாளும் சந்திப்பு முடிந்து நான் ஆலய அலுவலகத்துக்கு வந்தால் மூன்று கேள்விகள் மட்டும் மறக்காமல் கேட்பார்.

"உக்காந்தியாமா?"

"உக்காந்தேன் ஐயா."

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன் ஐயா."

"கேட்டுட்டு ஜெபிச்சியா?"

அவ்வளவுதான். அந்த வீட்டில் என்ன சொன்னார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நின்றுகொண்டே பேசினால் அவசரத்தில் வந்தவள் என்று நினைத்துவிடுவார்கள். அதற்காக முதல் கேள்வி. இரண்டாவது கேள்வியின் அர்த்தம் எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது. எங்கள் சபையில் பல குடும்பங்கள் வேறு சாதிக்காரர் வாசலில் நின்று, தூக்கி ஊற்றிய தண்ணீரைக் கையேந்திக் குடித்த தலைமுறையிலிருந்து வந்தவை. அவர்கள் கொடுக்கிற டம்ளரை வாங்கி வாய் வைத்துக் குடிக்காதவள் எவ்வளவு உருக்கமாக ஜெபித்தாலும் வீண். மூன்றாவது, என்ன வேண்டும் என்று அவர்களைக் கேட்டுவிட்டு ஜெபிப்பது. நாமாக முடிவு செய்யக் கூடாது. பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு ரிட்டையர்டு டிரைவரிடம், "என்னத்துக்கு ஜெபிக்கட்டும் ஐயா?" என்று கேட்டேன். சுகத்துக்கு என்பார் என்று தயாராக இருந்தேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே கோணிய வாயால், "ஒரு விக்கெட்டு" என்றார். ஜெபித்தேன். விழவில்லை. அடுத்த வாரம் போனபோது, "நீ சரியா கேக்கலம்மா" என்று கோபித்துக்கொண்டார். அப்புறம் சாகும்வரை அவர் எனக்குக் கூட்டாளி.

மூன்று கேள்வியும் எனக்கு மனப்பாடம். மூன்றிலும் தேறியவள் என்ற நினைப்பு எனக்குத் தலைக்கேறியிருந்த இரண்டாம் வருடத்தில்தான் வசந்தா அக்கா விஷயம் நடந்தது.

வசந்தா அக்கா அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டீக்கடை வைத்திருக்கிறார். கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. ஒரே மகள் ஷீலாவைப் பெங்களூரில் கட்டிக் கொடுத்திருந்தார். கடைச் சுவரில் சிலுவை போட்ட காலண்டர் தொங்கும். அதன் கீழே மலை சுற்றி வந்தவர்கள் திருநீற்று நெற்றியோடு உட்கார்ந்து டீ குடிப்பார்கள். "டீ சூடா இருக்குதான்னுதான் பாப்பாங்க. செவுத்த எவன் பாக்கறான்" என்பார் அக்கா. பௌர்ணமி வந்தால் மதியத்திலிருந்து கடையில் நிற்க இடமிருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை. கடையில் ஆள் இல்லாத நேரம். உட்கார்ந்தேன், டீ குடித்தேன். "என்னத்துக்கு ஜெபிக்கட்டும் அக்கா?" என்று கேட்டேன். அவர் வாசலை ஒருமுறை பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துப் புடவைத் தலைப்புக்குள் கொண்டுபோய் இடது மார்பின் பக்கத்தில் வைத்தார். புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று, கெட்டியாக, நகராமல்.

"எத்தனை நாளா அக்கா?"

"மூணு மாசம். இங்க பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா ஊசி போட்டு எடுத்துப் பாக்கணும்னாங்க. உடனே, தள்ளக் கூடாதுன்னாங்க. இங்க போனா பாக்கறவங்கல்லாம் நம்ம ஊரு. வேலூர்ல தேதி எழுதி வாங்கினு வந்துட்டேன். வர்ற செவ்வாய் இல்ல, அதுக்கு அடுத்த செவ்வாய்." தலைப்பை இழுத்துச் சரிசெய்தார். "ஷீலாவுக்கு ஏழாம் மாசம். போன தடவ அஞ்சுல கலஞ்சிடிச்சு, தெரியும்ல? டாக்டர் எழுந்திருக்கவே கூடாதுன்னு சொல்லிக்கிறாரு. இது காதுல உழுந்தா அவ்ளோதான். யாருக்கும் தெரியக் கூடாது கிரேஸு."

"யாருக்கும் தெரியாது அக்கா."

"தனியா போவ பயமா கீது. நீ வந்தா போவேன். இல்லன்னா இல்ல."

"வரேன் அக்கா. கண்டிப்பா வரேன்."

ஜெபித்தேன். வெளியே வந்து ஸ்கூட்டியை எடுத்தேன். அந்தக் கெட்டி என் விரல் நுனியிலேயே இருந்தது. சாப்பிடும்போது இருந்தது. அடுத்த வியாழன் வரை ஒன்பது நாள் அதோடு இருந்தேன். போனில் அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அக்காவுக்காக ஜெபிக்கிறேன் என்று முழங்காலில் நின்றால், ஜெபம் வராமல் பயம் வந்தது. இதை நான் ஒருத்தியே சுமக்கிறேனே, நான் மட்டும் ஜெபித்தால் போதுமா, சபையே ஜெபித்தால் இன்னும் பலமாயிற்றே என்று தோன்றியது. அப்போது எனக்கு அது விசுவாசமாகத்தான் தெரிந்தது.

சபையின் ஜெபக் குழுவுக்கு வாட்ஸ்அப் உண்டு. நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். வியாழன் மத்தியானம் அதில் எழுதினேன்: "அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் நம் சகோதரி ஒருவர் மார்பில் கட்டியோடு இருக்கிறார். செவ்வாய் அன்று வேலூரில் பரிசோதனை. பெயர் குறிப்பிட விரும்பவில்லை. ஊக்கமாக ஜெபிக்கவும்."

பெயர் குறிப்பிட விரும்பவில்லை என்பதை நான் இரண்டு முறை படித்துப் பார்த்து, திருப்தியாக, அனுப்பினேன். கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அன்று நன்றாகத் தூங்கினேன். மறுநாள் உபவாச ஜெபத்தில் ஆயர் தன் போனைப் பார்த்து அதை அப்படியே வாசித்தார். சபை கண்ணீரோடு ஜெபித்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வசந்தா அக்கா போன் செய்தார்.

"கிரேஸு, ஒண்ணு கேக்கறேன். அடி அண்ணாமலையில டீக்கடை வச்சிருக்கிற நம்ம சபைக்காரங்க எத்தினி பேரு?"

எண்ண ஒன்றுமில்லை. அவர் ஒருவர்தான்.

"எண்ணிப் பாத்து சொல்லு. படிச்ச பொண்ணுதான நீ."

"அக்கா..."

"எவளோ ஷீலாவுக்குப் போன் போட்டு, அம்மாவுக்கு தைரியம் சொல்லும்மான்னு சொல்லிக்கிறா. நல்லதுக்குத்தான் சொன்னாளாம். அவ அழுது அழுது பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில போட்டுக்கிறாங்க. எம் பொண்ணுக்கோ அந்தக் கொழந்தைக்கோ எதனா ஆச்சுன்னா..." பின்னால் பாய்லர் சீறுவது கேட்டது. "செவ்வாக்கெழம நீ வர வேணாம். நானும் போவல. எல்லாரும் நல்லா ஜெபம் பண்ணுங்க."

நான் குழுவில் போட்டதை அழித்தேன். அழித்ததும் நான்கு பேர் கேட்டார்கள்: "சிஸ்டர், என்ன டெலிட் பண்ணீங்க?" ஒருவர், விட்டுப்போனவர்கள் படிக்கட்டும் என்று தான் சேமித்து வைத்திருந்ததை மறுபடி போட்டார். அவரைக் கூப்பிட்டுக் கெஞ்சி நீக்க வைத்தேன்.

ஆலயத்துக்கு ஓடினேன். ஆயர் மறுநாள் திருவிருந்தில் திராட்சரசம் ஊற்றிக் கொடுக்கிற சின்னக் கிண்ணங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கைக்குட்டையை எடுத்தார், மடிக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"நானும் வாசிச்சேன்லமா" என்றார்.

அவர் அன்று என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவர் முகத்திலும் என் முகத்தில் இருந்ததே இருந்தது. "நாளைக்கு பீடத்துலேர்ந்து மன்னிப்பு கேட்டுடறேன். பகிரங்கமா" என்றார்.

"ஐயா, வேணாங்க. இன்னும் தெரியாத பத்துப் பேருக்கும் தெரிஞ்சிடும்."

"ஆமா... ஆமால்ல." நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. "அப்ப என்னமா பண்றது?"

"தெரியலைங்க ஐயா."

உண்மையிலேயே தெரியவில்லை. இரண்டு பேரும் ஜெபிக்கத் தொடங்கி, யாருக்காக, என்ன கேட்பது என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினோம்.

மறுநாள் ஞாயிறு, பௌர்ணமி. ஆராதனை முடிந்து மத்தியானத்துக்கு மேல் வண்டியைச் செங்கம் ரோட்டில் ஒரு தோழி வேலை பார்க்கிற விருந்தினர் விடுதி வாசலில் நிறுத்தினேன். அதற்கு மேல் போலீஸ் விடவில்லை. கூட்டத்தோடு நடந்தேன். மூன்று மணி வெயில். வெறுங்காலோடு குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகத்திலும் ஏதோ ஒரு வேண்டுதல் இருந்திருக்கும். யாரும் யாரையும் உனக்கு என்ன என்று கேட்கவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். கடை கண்ணில் பட்டதும் எல்லாம் மறந்துபோயிற்று.

கடையில் நெருக்கியடித்துக் கூட்டம். அக்கா ஒற்றை ஆள். கிளாஸ் கழுவ வருகிற பெண்ணுக்குக் காய்ச்சலாம், வரவில்லை. அலுமினியத் தொட்டியில் கழுவாத கிளாஸ்கள் குவிந்திருந்தன. அக்கா என்னைப் பார்த்தார். பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார். நான் துப்பட்டாவை இடுப்பில் கட்டி, தொட்டிக்கு முன்னால் குந்தினேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

நான்கு மணி நேரம். தண்ணீர் மாற்றினேன், கழுவினேன், கவிழ்த்தேன். கிளாஸ் போதாவிட்டால் டம்ளரால் மேடையைத் தட்டுவார். நான் எடுத்து வைப்பேன். சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா, "சக்கரை கம்மியா ரெண்டு குடுங்க" என்று கேட்டுவிட்டு, என்னைக் காட்டி, "புதுசா சேர்ந்திருக்காங்களா?" என்றார்.

"ஆமாங்க. வாய் ஜாஸ்தி. அதான் கழுவ உட்டுக்கிறேன்."

அந்த அம்மா சிரித்தார். நான் தலையைத் தொட்டிக்குள் குனிந்துகொண்டேன். ஆனால் அது இரண்டு நாளில் அக்கா என்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை. அதையும் நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

நிலா ஏறி, கூட்டம் ஒரு இடைவெளி விட்டபோது அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஷீலா எப்படி அக்கா?"

"மத்தியானம் வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. பிரஷர் எறங்கிடிச்சு. கொழந்தை நல்லா கீதாம்." உடனே விரலை நீட்டினார். "ஸ்தோத்திரம்னு மட்டும் சொல்லாத. நீ சொன்னா எனக்கு எரியும்."

நான் சொல்லவில்லை.

"மன்னிச்சிடுங்க அக்கா. எனக்குப் பயமா இருந்துச்சு. தனியா வச்சுக்க முடியல."

"எனக்கு மட்டும்? மூணு மாசம் வச்சுனு இருந்தேன்ல. உன்னால பத்து நாளு வச்சுக்க முடியல." அவர் கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "எனக்காகத்தான் ஜெபம் பண்ணாங்க எல்லாரும். எங்கிட்ட ஒருத்தர் ஒரு வார்த்த கேக்கல."

ஆயரின் மூன்று கேள்விகளும் எனக்கு அப்போது ஞாபகம் வந்தன. உட்கார்ந்தேன், குடித்தேன், கேட்டேன். மூன்றுக்கும் ஆம். மூன்றுக்கும் ஆம் சொல்லிவிட்டுத்தான் இதைச் செய்திருக்கிறேன்.

"செவ்வா காலைல அஞ்சரைக்கு வேங்கிக்கால் ஸ்டாப்ல நிக்கிறேன் அக்கா" என்றேன். "நீங்க வந்தாலும் சரி, வரலைன்னாலும் சரி."

"நில்லு. உன் காலு" என்றார். அடுத்த கூட்டம் உள்ளே வந்தது.

செவ்வாய் ஐந்தரைக்கு நின்றேன். டவுன் பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிற வேலூர் பஸ்கள் அந்த வழியாகத்தான் போகும். அக்கா வந்தால் ஷேர் ஆட்டோவில் வந்து இங்கே இறங்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டோவின் முகப்பு விளக்கையும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பஸ் போயிற்று. டாக்டரம்மா 'தள்ளக் கூடாது' என்று சொன்னது காதில் ஓடிக்கொண்டே இருந்தது. இந்தத் தேதி போனால் அடுத்த தேதி எப்போது கிடைக்கும்? கிடைத்தாலும் போவாரா? என் இரண்டு வரியால் ஒரு மனுஷி ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருந்துவிட்டால்? இரண்டாவது பஸ்ஸும் போயிற்று. ஆறு மணி ஆனது. நான் ஜெபிக்கவில்லை. கடவுளோடு பேரம் பேசினேன். இனி வாயே திறக்க மாட்டேன், வேலையை விட்டுவிடுகிறேன், அவரை மட்டும் கொண்டுவந்து விடும் என்று. ஊழியக்காரி அப்படி வேண்டிக்கொள்ளலாமா என்று தெரியாது. வேண்டிக்கொண்டேன்.

மூன்றாவது பஸ் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. நான் ஆட்டோ வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யம்மா, ஏறுறியா, பராக்கு பாக்கறியா?" என்றார் கண்டக்டர். "அந்தம்மா உனக்கு டிக்கெட் எடுத்துட்டு உக்காந்துனு கீது."

ஜன்னலோரம் வசந்தா அக்கா. டவுனுக்கே போய் ஏறி வந்திருக்கிறார். பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடித்திருந்தார். நான் உட்கார்ந்ததும், "உனக்காக வரல. ஷீலா போன்ல கத்துனா. போலன்னா நானே பஸ் ஏறி வருவேன்னா. அதான்" என்றார். வேலூர் வரும்வரை அவ்வளவுதான் பேச்சு. நடுவில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். நான் அசையவே இல்லை.

ஆஸ்பத்திரியில் நீளமான பெஞ்சு. உள்ளே கூப்பிட இன்னும் ஆறு பேர். அக்காவின் கை சில்லென்று இருந்தது.

"ஜெபிக்கட்டுமா அக்கா?"

"பண்ணு. சத்தம் போடாத. இன்னா கேக்கப் போற, மொதல்ல சொல்லு."

"சுகம் கிடைக்கணும்னு..."

"அத அவரு பாத்துக்குவாரு. ஷீலா பிரசவத்துக்கு நான் கூட நிக்கணும். அதக் கேளு."

அதைக் கேட்டேன். ஒரே வரி. என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சின்ன ஜெபம் அது.

முடிவு வர பத்து நாள் என்றார்கள். இடையில் வந்த ஞாயிறன்று அக்கா ஆலயத்துக்கு வந்தார். உள்ளே நுழைந்ததுமே பேச்சு அடங்கியது. தலைகள் திரும்பின, திரும்பியது தெரியக் கூடாதென்று மறுபடி நேராகின. விண்ணப்ப நேரம் வந்தது. எங்கள் சபையில் அப்போது எழுந்து நின்று தங்கள் வேண்டுதலைச் சொல்வார்கள். வசந்தா அக்கா எழுந்தார். அவர் என் பெயரைச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சொன்னால் சொல்லட்டும் என்று முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். ஆயர் பீடத்தில் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு விண்ணப்பம் கீது" என்றார் அக்கா. "இன்னான்னு சொல்ல மாட்டேன். தெரியாதவங்க கேக்காதீங்க. தெரிஞ்சவங்க யாருக்கும் சொல்லாதீங்க. ஜெபம் மட்டும் பண்ணுங்க."

உட்கார்ந்துவிட்டார்.

ஆயர் "ஜெபிப்போம்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. வழக்கமாக அவர் சொல்லச் சொல்ல நாங்கள் ஆமென் போடுவோம். அன்று அவர் பேசாததால் நாங்களும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் சபை அவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

முடிவு வந்தது. நல்லதாக இல்லை. ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள். அறுவை, மருந்து, முடி கொட்டுதல் எல்லாம் ஆயிற்று. ஷீலாவின் பிரசவத்தன்று தலையில் துண்டு கட்டிக்கொண்டு பிரசவ வார்டு வாசலில் அக்கா நின்றார். பேரன். இதை எழுதலாமா என்று போன வாரம் அவரிடமே கேட்டேன். "எழுது. ஊரு பேரெல்லாம் சேத்தே எழுது. இப்ப நான்தான சொல்றேன்" என்றார். இன்னமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலூர் போகிறார். ஒவ்வொரு முறையும் போய் வரும்வரை எனக்கு அதே பயம்தான். அது போகவில்லை. அதை யாரிடமாவது கொட்டிவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஆயர் நான்காவதாக ஒரு கேள்வி சேர்த்துக்கொண்டார்: "யாருகிட்ட சொல்லலாம்னு கேட்டியாமா?" கேட்டேன் என்பேன். மேற்கொண்டு அவர் எதுவும் கேட்க மாட்டார். ஜெனிஃபர், சுகன்யா, உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், அடுப்பைப் பாருங்கள், என்ன வேண்டும் என்று கேளுங்கள், யாரிடம் சொல்லலாம் என்று கேளுங்கள். யாரிடமும் வேண்டாம் என்றால் உங்கள் பயத்தோடு நீங்கள்தான் இருக்க வேண்டும். பெயரை மட்டும் விட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊர் அவ்வளவு சின்னது.

அந்தக் கட்டாயக் கட்டத்தை எடுத்துவிடச் சொல்லி கமிட்டிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். ஓய்வு பெற்றவள் பேச்சு எடுபடுமா என்று தெரியவில்லை. இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அதிர்ந்தது. ஜெனிஃபர்.

"அக்கா, ஒரு வீட்ல ஒண்ணு சொன்னாங்க. யாருக்கும் சொல்லாதன்னு சொல்லிட்டாங்க. கட்டத்தக் காலியா விட்டா ஃபார்ம் போக மாட்டேங்குது. என்ன போடட்டும்? எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"'ஒரு விண்ணப்பம்'னு போடு" என்று எழுதினேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு வந்தது: "போயிடுச்சு அக்கா."

யார் வீடு என்று கேட்க விரல் பரபரத்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன்.